எந்தப் பக்கம்

எலும்பை அரைத்துக் கரைத்து எடுத்ததில்
நூற்றுக்கு மூன்று பங்குதான் அவளுடையது.
மீதி மண்ணுடையது.
மொன்டானா மண்ணின் நுண்ணுயிர்கள்
நாற்பத்திரண்டு வருடம் குடியிருந்து
அவளைத் தம் வீடென்றே எழுதிக்கொண்டிருந்தன.

அந்த மூன்றைக் கொண்டு
அறுபத்தொரு சென்டிமார்கன் பொருந்தினாள்
டகோமாவில் மரக்கடைக் கணக்கர் ஒருவரோடு.
கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் வாங்கிய குப்பியில்
அவர் எச்சில் துப்பி அனுப்பியது
தன்னிடம் வைக்கிங் ரத்தம் உண்டா என்று பார்க்க.
இல்லை.
இவள் இருந்தாள்.

அறுபத்தொன்று என்றால்
ஏறக்குறைய மூன்று விட்ட உறவு.
ஒன்று விட்ட, இரண்டு விட்ட, மூன்று விட்ட.
விட்டது யார், விடப்பட்டது யார் என்று
கணக்கு சொல்வதில்லை.

பகலில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
கடைசி இருக்கை வரை நடந்து
ஒரு குழந்தையும் தூங்கிப்போய்த் தங்கிவிடவில்லை
என்று பார்த்த பிறகே சாவியை எடுப்பேன்.
இரவில் இது.

ஊரார் அவளுக்கு வைத்திருந்த பெயர் பச்சைக் கோட்டு.
ஈஸ்டர் தோறும் தீயணைப்பு நிலையத்தார்
கல்லறையில் ஒரு தொட்டிச் செடி வைப்பார்கள்.
வாடினால் அடுத்த ஈஸ்டர் வரை வாடியதுதான்.
கோப்பில்: வயது இருபது சுமார்.
இடது கடைவாயில் இரண்டு வெள்ளி அடைப்பு.
அப்படியானால் யாரோ அவளைக்
கையைப் பிடித்துப் பல் டாக்டரிடம்
கூட்டிப்போயிருக்கிறார்கள்,
இரண்டு முறை.

பின்லாந்தின் ஒரு திருச்சபைப் பதிவேட்டில்
போய் முட்டிக்கொண்டேன்.
பண்ணை மாறினால் பெயரும் மாறுகிற ஊர்.
மாமனார் நிலத்துக்குக் குடிபோன மாட்டி
மறுநாளே வேறு மாட்டி.
கொண்டதும் கொடுத்ததும் அதே பத்து வீட்டுக்குள்;
எல்லாருக்கும் எல்லாரும் உறவு,
ஆகவே யார் யாரென்று தெரியவில்லை.
பதினான்கு மாதம்.
சாப்பாட்டு மேசையை எப்போது திருப்பித் தருவாய் என்று
ஹார்லன் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு ஒரு பழைய இரங்கல் குறிப்பு.
மிச்சிகன், 1994.
ஐனோ ஹைட்டலா, எழுபத்தொன்று,
தேவாலயக் காபிக் குழு உறுப்பினர், மறைந்தார்.
இருப்பவர்கள்: மகள் மார்வா;
மகள் ரோண்டா, முகவரி தெரியவில்லை.

இருப்பவர்கள்.
ரோண்டா அப்போது இருந்தாள்தான்,
ஆஷ்கிராஃப்ட் மாவட்டக் கல்லறையில்,
எண் பதினேழின் கீழே,
பதின்மூன்று வருடமாக.

உயிரோடிருப்பவர் பெயரை
வம்ச மரம் காட்டாது.
ஒரு சாம்பல் கட்டம், உள்ளே 'உயிருடன்'.
இறந்த தேதி இட்டால்தான் பெயர் திறக்கும்.
பனி உருகியபோது கிடைத்தவள்.
'மே 1981-க்கு முன்' என்று அடித்தேன்.
ரோண்டா லெம்பி ஹைட்டலா
வெளியே வந்தாள்.

காணவில்லை என்று யாரும்
எழுதிக்கொடுத்திருக்கவில்லை.
கோபித்துக்கொண்டு போனவள்
காணாமல் போனவள் ஆவாளா?
"அம்மா சாவுக்குக்கூட வராதவ" என்றாராம் மார்வா
டெப்யூட்டி நீல்ஸனிடம், அவர் விஷயத்தைச் சொல்லுமுன்.
சொன்ன பிறகு
நெடுநேரம் துணி உலர்த்தி சுற்றும் சத்தம் மட்டும்.
இத்தனை வருடம் சுமந்த கோபத்தை
எங்கே இறக்குவதென்று
தெரியாமல் நிற்கிறவரின் மூச்சு.

அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்.
"ரோட்டுக்கு எந்தப் பக்கம் கிடந்தா?"

இரண்டாம் நெடுஞ்சாலை.
அவள் கிடந்த அதே சாலைதான்
ஆயிரம் மைலுக்கு அப்பால், கிழக்கே,
மார்வா வீட்டு முனையைக் கடக்கிறது.
வடக்கோரம் என்றால் போய்க்கொண்டிருந்தாள்.
தெற்கோரம் என்றால் வந்துகொண்டிருந்தாள்.

நீல்ஸன் கோப்பைப் புரட்டினார்.
சாலைக்கு அடியில்.
மழைநீர் போகிற தகரக் குழாய்க்குள்.
இரு பக்கமும் திறந்தது.

என் மூன்று பங்கில் அதற்கு விடை இல்லை.

காலையில் பேருந்தை நிறுத்திவிட்டுக்
கடைசி இருக்கை வரை நடந்தேன்.
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
எடுத்து முன்கண்ணாடி ஓரம்
தெரிகிற மாதிரி வைத்தேன்.
கேட்டு வருவார்கள்.