பெயர்த்துண்டு

இக்கீக்கேயிலிருந்து மேடேறும் பேருந்தில்
பல்கலைக்கழகத்து மூவர் நாங்கள்:
சுருட்டிய உலகப்படம், ஒரு டப்பா குண்டூசி,
சிவப்பு நூல்கண்டு.
ஆல்டோ ஓஸ்பிசியோவில்
மூடுபனி இன்னும் விலகவில்லை.

ஏழாம் வகுப்பு. முப்பத்தொரு பேர்.
"பக்கத்தில் இருப்பவரின் காலரைத் திருப்பி
எந்த நாடென்று படியுங்கள்" என்றாள் மக்கரேனா.
கூச்சல், கிச்சுகிச்சு, யாரோ யாரையோ கிள்ள,
வங்கதேசம், வியட்நாம், ஹோண்டுராஸ்,
மறுபடி வங்கதேசம்.
எல்லா நூலின் மறுமுனையும் இங்கே,
சிலியின் வடக்கு நகத்தில்.

அடுத்து என் பங்கு: கேள்வி கேட்பது எப்படி.
யார் சொன்னது? எப்படித் தெரியும்? யாருக்கு லாபம்?
எழுதி முடிப்பதற்குள்
சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது.
பாலைவனத்தில் குவிந்த பழந்துணியைப்
படமாகக் கொண்டுபோயிருந்தேன்.
அது ஜன்னலிலேயே தெரிந்தது.
"அங்கேதான் எங்கப்பா பொறுக்குறார்"
என்றான் வில்மெர் காய்பா,
கடைக்கு வழி சொல்கிற குரலில்.

யானிரா எழுந்தாள்.
அவள் கம்பளிச் சட்டையில் நாடு இல்லை.
உள்கழுத்தில் கையால் தைத்த வெள்ளை நாடா.
நீல எழுத்து: ஹன்னலோரெ வி., அறை 14.
"இந்தம்மா செத்துட்டாங்களா, மிஸ்?"

பாடக்குறிப்பைப் புரட்டினேன், அதில் என்ன இருக்கும்.
அதற்குள் அவர்களே தொடங்கிவிட்டார்கள்:
அறை எண் இருந்தால் விடுதி.
விடுதியில் படிக்கிற பெண்ணாக இருக்கலாம்.
இல்லை, முழங்கை தேயவில்லை, மடிப்பக்கம்தான் தேய்ந்திருக்கிறது.
பூனை வளர்த்திருப்பார்.
வளர்ந்திருப்பாள், சட்டை பத்தாமல் போயிருக்கும்.
"வயசானவங்க வளர மாட்டாங்கடா."
கொஞ்சம் சிரிப்பு. பிறகு இல்லை.
யாருக்கு லாபம் என்று ஒருவன் ஆரம்பித்து
யானிராவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.
குளிர். அவள் சட்டையைக் கழற்றவில்லை.

காற்று திரும்பியது. எரியும் நைலான் நெடி.
யாரும் சொல்லாமலே கடைசி வரிசை எழுந்து
ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தது.

குண்டூசி அவள் கையில்.
"நாடு தெரியாதே" என்றேன்.
"தெரியாத இடத்துல குத்துறேன்"
என்று படத்தின் ஓரம்,
அளவுகோல் அச்சிட்ட வெற்றுத் தாளில் குத்தினாள்.
நூல் தீர்ந்திருந்தது.
தன் சட்டையின் கைமுனையிலிருந்து
ஓர் இழை உருவிக் கட்டினாள்.

இறங்கும் பேருந்தில் மக்கரேனா
துறைக்கான படிவத்தை நிரப்பத் தொடங்கினாள்.
'கற்பித்தவை' என்ற கட்டத்தில் பத்து வரி இடம்.
என்ன எழுதட்டும் என்றாள்.
தூங்குவதுபோல் நடித்தேன்.