நூறு கேலன்

தொட்டியில் எண்ணெய் ஏற ஏற
உள்ளே இருந்த காற்று வெளியேறும்.
வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் குழாய்
அதை விசிலாக ஊதும்.
விசில் நின்றால் தொட்டி நிறைந்தது.
பத்தொன்பது குளிர்காலமாக இந்த லாரியோடு
நான் கற்ற தொழில் முக்கால்வாசி அதுதான்:
பனியில் நின்று காது கொடுப்பது.

சொந்தக் காசில் வாங்குகிற வீடுகளில்
விசில் நிற்கும்வரை நிற்பேன்.
மற்ற வீடுகளில் மீட்டரைப் பார்ப்பேன்.
மாதா கோயில் பணமோ மாநிலப் பணமோ
யாருடைய பணமானாலும் நூறு கேலன்.
தொட்டி பிடிப்பதோ இருநூற்று எழுபத்தைந்து.
பேசிக்கொண்டிருப்பவர் வாயைப் பொத்துவதுபோல
பாதி விசிலில் கைப்பிடியை விடுவேன்.

ஜனவரி. ஆற்றுக்கு அந்தக் கரை கனடா,
இந்தக் கரை மேய்ன்.
இரண்டு கரையும் ஒரே வெள்ளை.
கொரீன் மிஷோவின் வாசலில்
இரண்டு மஞ்சள் கேன்கள்.
பார்த்ததும் புரிந்துவிட்டது.
பங்கில் ஐந்து ஐந்து கேலனாக டீசல் வாங்கி
தானே புனல் வைத்து ஊற்றியிருக்கிறாள்.
பர்னருக்கு வித்தியாசம் தெரியாது.
எங்கள் எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம், அவ்வளவுதான்.
அந்த ஐந்தும் தீர்ந்து
இரண்டு இரவு ஆகியிருந்தது.

நூறு ஊற்றிவிட்டு நிலவறைக்கு இறங்கினேன்.
குழாயில் காற்று அடைத்திருந்தது.
எமில் டார்ச் பிடித்தான், எட்டு வயது,
கையுறைக்கு மேல் ஒரு காலுறை.
திருகைத் தளர்த்தி
காலி மீன் டப்பாவில் நுரையைப் பிடித்தேன்.
நுரை, நுரை, பிறகு சிவப்பாக ஒரே சீராக.
பர்னர் இரண்டு முறை இருமிப் பற்றிக்கொண்டது.

ஏறி வரும்போது சமையலறை:
தரையில் மெத்தை,
மின்சார அவன் கதவு திறந்தபடி,
கூடத்து வாசலில் ஆணியடித்த கம்பளி.
பார்க்காததுபோல் பார்ப்பதற்கும்
சேர்த்துத்தான் சம்பளம்.

"யார் கட்டினார்கள்?
நன்றி எழுதிப் போட வேண்டும்."
சீட்டில் 'செலுத்தப்பட்டது' என்று மட்டும் இருந்தது.
எனக்குத் தெரியும். அலுவலகத்து லோர்னா சொல்லியிருந்தாள்:
ரோசேர் பெல்கி.
எதிர்வீடு. இவளுடைய அக்காள் கணவன்.
அக்காள் செத்த வருஷம் ஏதோ ஒரு சொல்,
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
பெயரைச் சொன்னால்
ஊற்றியதை உறிஞ்சிக்கொண்டு போ என்பாள்.
"கோயிலாக இருக்கும்," என்றேன்.
"கோயிலில் போன வாரமே
பணம் தீர்ந்துவிட்டது என்றார்கள்," என்றாள்.

லாரி வரைக்கும் பையன் வந்தான்.
"விசில் நிக்கறதுக்குள்ள ஏன் நிறுத்திட்டீங்க?"
நூறுதான் என்றேன்.
"நூறுன்னா எவ்வளவு நாள்?"
இந்தக் குளிரில் மூன்று வாரம்.
அவன் விரல் விட்டான்.
கையுறைக்குள் விரல் மடங்கவில்லை.

அன்று மாலை லோர்னாவுக்கும் அதே கேள்வி.
ரோசேர் தொலைபேசியில்:
எவ்வளவு நாள் தாங்கும்?
மூன்று வாரம் என்றிருக்கிறாள்.
சத்தமே இல்லையாம்.
வைத்துவிட்டார் என்று நினைத்தாளாம்,
மூச்சு மட்டும் கேட்டதாம்.

பிப்ரவரியில் சீட்டு வந்தது.
மிஷோ. அளவுக் கட்டத்தில் எண் இல்லை.
லோர்னாவின் கோணல் எழுத்தில்:
நிற்கும்வரை.

நின்றேன்.
நூறில் கை தானாகத் தளர்ந்தது,
பழக்கம்.
நூற்றிருபது. நூற்றைம்பது.
சமையலறை ஜன்னலில் எமிலின் நெற்றி,
கண்ணாடியில் அவன் மூச்சு வந்து வந்து போனது.
சுருதி மெலிய ஆரம்பித்தது,
பிறகு சட்டென்று இல்லை.
தெருவில் வேறு எதுவும் கேட்கவில்லை.

கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி
கொரீன் வெளியே வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
எதிர்வீட்டுப் பாதை அப்போதுதான்
பனி தள்ளப்பட்டிருந்தது.
அங்கிருந்து ஒரு சால்
ரோட்டைக் கடந்து
இவள் படிக்கட்டு வரை வந்திருந்தது.
"அவன்தானே?" என்றாள்.

நான் மீட்டரைப் பார்த்தேன்.
"நூற்றுத் தொண்ணூற்று இரண்டு," என்றேன்.

"கேட்டது அது இல்லை."

சீட்டை வாங்கி நான்காக மடித்தாள்.
இரண்டு மஞ்சள் கேன்களையும் எடுத்துக்கொண்டு
கொட்டகைப் பக்கம் நடந்தாள்,
பாதி வழியில் நின்றாள்,
ஒன்றை மட்டும் திரும்பக் கொண்டுவந்து
வாசலில் வைத்தாள்.