பதினொன்று ஓடாத காலை

தடம் பதினொன்று இன்று ஓடாது.
நான் ஓடுகிறேன்.

பத்தொன்பது வருடம்
ஸாக்ரெப் நகரத்தைக் கண்ணாடிக்கு உள்ளிருந்தே பார்த்தவள்.
கல் பாவிய தெரு என்றால் எனக்கு
இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.
இலிட்சா தெருவில் ரொட்டி வேகும் வாசனை உண்டென்று
இன்றைக்குத்தான் தெரியும்.
அது இவ்வளவு நீளமென்றும்.

டிராமில் இடது காலுக்கு ஒரு மிதி இருக்கிறது.
சில நொடிக்கு ஒருமுறை
அழுத்தி விட வேண்டும்.
மறந்தால் மணி அடிக்கும்,
அதற்கும் மசியாவிட்டால் வண்டி தானாக நின்றுவிடும்:
ஓட்டுகிறவள் செத்துவிட்டாளோ என்று
இரும்புக்கு ஒரு சந்தேகம்.

முப்பதாவது கிலோமீட்டரில்
அந்த மணி அடித்தது
இடுப்புக்குக் கீழே எங்கோ.

பாதி விலைக்கு வாங்கிய காலணி.
நெஞ்சில் குத்திய எண்ணுக்கு அடியில் என் பெயர்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
கால் தானே தயங்குகிறது, பழக்கம்;
யாரும் ஏறவில்லை,
யாரும் இறங்கவில்லை,
போ.

க்வாத்ரிச் நிறுத்தத்தில் சாம்பல் தொப்பிக்காரர்.
பயணிகளின் பெயர் எனக்குத் தெரியாது,
ஓடி வரும் விதம் தெரியும்.
இவர் பையை மார்போடு அணைத்து
ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடி வருவார்.
எத்தனை முறை அவர் மூக்குக்கு நேரே
கதவைச் சாத்தியிருக்கிறேன்,
அட்டவணை அட்டவணைதானே.
இன்று காப்பிக் கோப்பையோடு நிதானமாக நின்று
என் நெஞ்சைப் படித்துவிட்டுக் கத்துகிறார்:
"நெவென்கா! கதவு சாத்தப் போறாங்க, ஓடு!"
பழி தீர்த்த சந்தோஷத்தில்
காப்பி பாதி சட்டை மேல்.

முதுகுக்குப் பின்னால் பேருந்து.
ஆறு மணி நேரத்தில் முடிக்காதவர்களை
வாரிக்கொண்டு போகிற வண்டி.
திரும்பிப் பார்க்காமலே சொல்லுவேன்,
ஓட்டுவது வ்யெகோ;
பிரேக்கை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெஞ்சுகிறவன்
எங்கள் பணிமனையில் வேறு ஆளில்லை.
பக்கத்தில் வந்து கதவைத் திறந்தான்.
உள்ளே மெத்தை இருக்கை. சூடு.
ஒரு பையன் வாழைப்பழத்தைக் கையில் பிடித்தபடியே தூங்குகிறான்.

"வர்றியா?"
தலையாட்டினேன்.
ஆமாம் என்றா இல்லை என்றா
எனக்கே தெரியாது.
அவன் ஒரு கணம் பார்த்தான்.
கதவை மூடினான்.

அப்புறம்தான் அது நடந்தது.
பேருந்து அடுத்த நிறுத்தத்தில் நின்றது.
வெறும் நிறுத்தம். கதவு திறந்தது.
பத்து எண்ணுகிற நேரம். கதவு மூடியது.
அதற்கடுத்த நிறுத்தத்திலும்.
மஞ்சள் அங்கி போட்டவன் படியில் நின்று
கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறான்,
வ்யெகோ காதில் வாங்கவில்லை.
நிறுத்தம் என்றால் நிறுத்தம்.

சதுக்கத்துக் குதிரைச் சிலை தெரிந்தபோது
கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள் இரண்டு பேர்.
என்னைப் பார்த்துவிட்டு
சுருட்டியதை மெல்ல விரித்தார்கள்,
ஒரு முழம், இன்னொரு முழம்.
அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
மூக்கு ஒழுகியது.
கடிகாரத்தை ஏற்கெனவே அணைத்துவிட்டிருந்தார்கள்.

திங்கள் காலை,
பணிமனைப் படிகளில் பின்பக்கமாக இறங்குகிறேன்,
கைப்பிடியைக் கட்டிக்கொண்டு.
பலகையில் வ்யெகோவின் அறிக்கை:
தாமதம், பதினொரு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
அவனுடைய கோணல் எழுத்தில்,
பயணிகள் கூட்டம்.