பதினாறாவது சேவை

"ஏன் நர்சிங்?" என்று
கலந்தாய்வில் யாரும் கேட்கவில்லை.
கட்-ஆஃப் எவ்வளவு என்று மட்டும் பார்த்தார்கள்.
கேட்டது பிறகு,
நுங்கம்பாக்கத்துத் தனியார் மருத்துவமனையில்,
ஏசி போட்ட அறையில்.
"சேவை மனப்பான்மை, மேடம்" என்றேன்.
அந்தம்மா அதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை.
வரிசையில் நான் பதினாறாவது.
பதினாறு பேருக்கும் சேவைதான்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம்.
மெக்கானிக்கல் கிடைக்கவில்லை.
கிடைத்ததில் ஃபீஸ் குறைவு.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மெஷின்
அப்பாவின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டதிலிருந்து
வீட்டுக்கு ஒரு ஒண்ணாந்தேதி தேவைப்பட்டது.
அப்புறம், வெள்ளை ஷூ.
மீன் தண்ணீர் ஏறாத ஒரு ஜோடி ஷூ
வாழ்க்கையில் ஒரு தடவையாவது.
இதையெல்லாம் எந்த மேடத்திடம் சொல்ல?

இன்னொன்றும் இருக்கிறது.
சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள்.

விரல் போன அன்று ஸ்டான்லியில் சேர்த்திருந்தோம்.
கட்டிலுக்கு அடியில் அம்மா
முந்தானையை விரித்துத் தூங்கிவிட்டாள்.
நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சொட்டுகளை எண்ணினேன்.
நானூற்றுச் சொச்சத்தில் கண் அசந்தது.
விழித்தபோது பாட்டில் காலி,
குழாயில் ரத்தம்
ஒரு சாண் மேலே ஏறியிருந்தது.
அப்பா கொஞ்சம் கொஞ்சமாக
வெளியே வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.
பதினாலு வயதில் அப்படித்தான் தோன்றியது.

ஓடினேன்.
வார்டு முனையில் ஒரே ஒரு டியூப்லைட்,
அதன் கீழே ஒரு சிஸ்டர்
தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
மணி இரண்டே முக்கால்.
எனக்குப் பேச்சு வரவில்லை,
என் கையையே நீட்டிக் காட்டினேன்.
டப்பாவை மூடாமல் எழுந்தார்.
கை கழுவினார், சோப்புப் போட்டு, நிதானமாக.
பிடித்துத் தள்ளிவிடலாம் போலிருந்தது எனக்கு.
வந்தார். சக்கரத்தைத் திருகினார். புது பாட்டில். விரலால் ஒரு சுண்டு.
ரத்தம் வந்த வழியே திரும்பிப் போனது.
"ஒண்ணுமில்ல, போய்ப் படு" என்றுகூடச் சொல்லவில்லை.
போய் மிச்சத்தைச் சாப்பிட்டார்,
நார்த்தங்காயைக் கடித்துக்கொண்டு.

அவ்வளவுதான்.
அன்பு என்று நான் சொல்லமாட்டேன்.
அவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.
ஊரே தூங்கும்போது முழித்திருக்க
ஒருவருக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பது
அன்றைக்குத்தான் தெரியும்.
அந்த நாற்காலி எனக்கு வேண்டும் போலிருந்தது.

இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.
கீழ்ப்பாக்கம், ஆண்கள் வார்டு, இரவு ஷிப்ட்.
மூன்று வருடமாகிறது, இன்னும் ஒப்பந்தம்தான்.
ஷூ வெள்ளையாக இல்லை.
"தம்பி", "டாக்டரே", "சிஸ்டர்... இல்ல, பிரதர்",
எதற்கும் திரும்புவேன்.
ராயபுரத்தில் பெண் பார்க்கப் போனபோது
"ஆம்பளைக்கு எதுக்குப்பா இது" என்று
காபியோடு கேட்டார்கள்.
காபி நன்றாக இருந்தது.

நேற்று சாயந்திரம் ஒன்பதாம் கட்டில்
தணிகாசலம் போய்விட்டார்.
ரெக்சினைத் துடைத்துப் புது விரிப்பு போட்டேன்.
எட்டு மணிக்கு அதில் வேறொருவர்.

மூன்று மணி இருக்கும்,
எலுமிச்சை சாதத்தில் கை வைத்திருக்கிறேன்,
ஒரு பையன் வந்து நின்றான்.
மூச்சு வாங்குகிறது.
பதினாலு வயது இருக்கலாம்.
எனக்குள் என்னவோ நிமிர்ந்தது.
டப்பாவை மூடாமல் எழுந்தேன்.
"அண்ணா," என்றான்,
"டைப்-சி சார்ஜர் இருக்கா?"

கொடுத்தேன்.
எந்த பிளக்கில் கரண்ட் வரும் என்றும் காட்டினேன்.
அப்படியே அவன் அப்பாவின் பாட்டிலைப் பார்த்தேன்.
பாதிக்கு மேல் இருந்தது.
அவன் அதற்குள் சுவரோரம் சாய்ந்து
போனில் கார் ஓட்ட ஆரம்பித்திருந்தான்.
நிமிரவே இல்லை.
நல்லது.
சொட்டு எண்ணவில்லை.