வெள்ளிக்கிழமை மதிப்பீடு

வெள்ளிக்கிழமைகளில்தான் வெள்ளி பார்ப்போம்.
தமிழில் மட்டும் சிரிப்பு வருகிற சங்கதி இது.
பர்மிங்காம் ஏலக்கடையில்
சொல்லிச் சிரிக்க ஆள் கிடையாது.

மூன்றாவது டோக்கன் டெஸ்மண்ட் பார்ஜிட்டர்.
பச்சைத் துணிச் சுருளில்
பன்னிரண்டு சூப்புக் கரண்டிகள்.
கூரைக்கு ஓடு மாற்ற வேண்டுமாம்.
கொள்ளுத்தாத்தா ஒரு மாளிகையில் பட்லராக இருந்தாராம்.
எஜமானி தன் கையாலேயே கொடுத்ததாம்.
‘ஆம்’ என்று முடிகிற வாக்கியங்களுக்கு
எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
உடைமையாளர் கூற்று.

லூப்பைக் கண்ணில் செருகிக் காம்பைத் திருப்பினேன்.
இடப்பக்கம் பார்த்து நடக்கும் சிங்கம்:
மாற்றுக் குறையாத வெள்ளி,
ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து.
நங்கூரம்: இந்த ஊர்.
கடலைப் பார்க்க மூன்று மணி நேரம்
பஸ்ஸில் போகவேண்டிய ஊருக்கு
எதற்கு நங்கூரமோ.
ராணியின் தலை: வரி கட்டியாயிற்று.
கடைசியில் கேடயத்துக்குள் ஓர் எழுத்து,
அதுதான் வருஷம்.
கேடயத்தின் அடி கூரென்றால் ஒரு தலைமுறை,
வளைவென்றால் இன்னொன்று.

பதினொன்று சரி.
பன்னிரண்டாவதில் சிங்கம் இல்லை.
நான்கு எழுத்து, நான்கு பெட்டி,
தள்ளி நின்று பார்த்தால் முத்திரை மாதிரியே.
குழிவின் அடியில் பூச்சு போய்
மஞ்சளாகப் பல்லைக் காட்டியது அடி உலோகம்.
எப்போதோ தொலைந்துபோன ஒன்றுக்கு
யாரோ ஓசைப்படாமல் ஆள் வைத்திருக்கிறார்கள்.
எவர்சில்வர் என்று பேர் வைத்து
வெள்ளியே இல்லாத தட்டில்
மூன்று வேளையும் தின்று வளர்ந்தவள் நான்.
குறை சொல்ல மாட்டேன்.

பிறகு, கரண்டியை வாயருகே கொண்டுபோய்
மூக்குக்கண்ணாடி துடைப்பவளைப் போல
ஹா என்று ஊதினேன்.
ஆவி படிந்த காம்பில்
ஒரு நாரை எழுந்தது, அலகில் சாவியோடு.
மூன்று நொடி.
மழித்த இடம். விரல் வைத்தால்
வெள்ளி அங்கே மெலிந்திருப்பது தெரிகிறது.
அதன்மேல்தான், நிதானமாக,
பார்ஜிட்டரின் முதலெழுத்தை வெட்டியிருக்கிறார்கள்.

கொடுத்தவள் நாரையை அழித்துவிட்டா கொடுத்திருப்பாள்?
அழித்திருக்கலாம்.
இந்த உத்தியோகத்தில் ‘லாம்’தான் சோறு போடுகிறது.
எழுதினேன்: குலச்சின்னம் நீக்கப்பட்டது. மதிப்புக் குறைவு.
யாரால் என்பதற்குக் கட்டம் இல்லை.

“ஆறு ஒரு செட்டாக ஏலத்துக்குப் போகும்.
மீதி ஐந்தும் உருக்கு விலைக்கு.
எல்லாமாகச் சேர்த்து ஐந்நூறு பவுன் வரலாம்.”
ஐந்நூறு பவுன்!
இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள்
ஒரு கல்யாணம் நடந்து முடிகிறது,
நகைப் பாரத்தில் பெண் எழுந்து நிற்கவே முடியாமல்.
அவருக்கு அது கால் கூரை.

ஆறைப் பொறுக்கும்போது கவனித்தேன்.
கிண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டி
நுனியில் இடப்பக்கமாகத்தான் கரண்டிகள் தேயும்.
ஒன்று மட்டும் வலப்பக்கம் தேய்ந்து
தேய்பிறை மாதிரி சாய்ந்திருந்தது.
உருக்கும் ஐந்தில் அதைப் போட்டேன்.
ரசீதில் கையெழுத்துப் போட
அவர் பேனாவை இடக்கையில் எடுத்தார்.

“வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.”
கட்டைவிரலால் அந்த விளிம்பை
ஒருமுறை தடவினார்.
“அப்பாவுக்கும் இந்தக் கைதான்.
எவ்வளவு வரும் இதற்கு?”
“நாற்பது.”
“நாற்பதென்றால் நாற்பது,”
தராசிலேயே திரும்ப வைத்தார்.

பூச்சுக் கரண்டியை நாங்கள் எடுப்பதில்லை.
பதினொரு வெற்றுப் பைகளுக்கு அடுத்த பையில்
அதைச் செருகிச் சுருட்டி,
நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி,
மழையில் இறங்கிப் போனார்.

நாலாவது டோக்கன்.
ஒரு தேநீர்க் கெண்டி. மூடி இல்லை.
இருந்ததாம்.