சமமானவை: இருபத்திரண்டு

“வேதியியல் எத்தனை மணி நேரம் படித்தாய்?”
கேட்டவர் திருமதி ப்ரூபாக்கர்.
எத்தனை மார்க் என்று கேட்பார்கள் என்றே
விமானத்தில் ஒத்திகை பார்த்து வந்தவள் நான்.
எண்பத்தெட்டு. நாக்கு நுனியில் நின்றது.
மணி நேரத்தை
யார் எண்ணி வைத்தார்கள்?

கிச்சனரில் பிப்ரவரி.
ஹீட்டர் மேல் யாருடையதோ
ஈரக் கையுறை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.
இங்கே ஒரு பாடம் என்றால்
நூற்றுப் பத்து மணி நேரம்.
அப்படி முப்பது சேர்ந்தால்
பள்ளி உன்னை வெளியே விடும்.

பொய் சொல்லாமல் கணக்குப் போட்டேன்.
தருமபுரியில் வாரம் ஏழு பீரியட்.
செவ்வாய்க்கிழமை கடைசி பீரியடில்
கரண்ட் போகும், சார் கதை சொல்வார்.
அதைக் கழிக்கவா?
ஓட்டுப்பெட்டிகள் எங்கள் வகுப்பில் தங்கிய நான்கு நாள்,
கழித்தாயிற்று.
நாற்பத்தாறு பேருக்கு இரண்டு பியூரெட்;
என் முறை வரும்வரை நின்றது
படித்ததில் சேர்த்தியா, நின்றதில் சேர்த்தியா?
விடியல் ஐந்து மணிக்கு
நாய்களுக்குப் பயந்து சைக்கிள் மிதித்துப் போன டியூஷன்
பள்ளி நேரம் ஆகாதாம்.
உண்மையில் அங்கேதான் படித்தேன்.

இரவு ஷிஃப்ட் முடித்து
லேத் எண்ணெய் வாசனையோடு
பக்கத்தில் தூங்கி வழிந்த அப்பா
சட்டென்று நிமிர்ந்து சொன்னார்:
“தமிழ்ல இவதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லு.”
மொழிபெயர்க்க வேண்டியவள் நான்.
“அப்பா நன்றி சொல்கிறார்” என்றேன்.

வெளியே பெஞ்சில் செலாம் இருந்தாள்.
அஸ்மாராவில் தொடங்கி
கார்ட்டூமில் நின்றுபோன படிப்பு.
காகிதம் ஒன்றுகூட இல்லை.
என் மார்க் ஷீட்டை வாங்கி
முத்திரையின் மேடு பள்ளத்தை
விரலால் தடவிப் பார்த்தாள்.
“அழகாக இருக்கிறது” என்றாள்,
கல்யாணப் புடவையைச் சொல்வதுபோல.
அவளுக்கு ஒரு கணக்குத் தாள் கொடுத்தார்கள்.
முதல் பக்கம் முழுக்கச் சரி.
இரண்டாம் பக்கத்திலிருந்து
பள்ளிக்கூடம் இல்லை.

வியாழக்கிழமை என் தாள் வந்தது.
பதினொரு வருஷமும் ஒரே வரியில்:
சமமான பாடங்கள், இருபத்திரண்டு.
பாடத்தின் பெயர் இல்லை. மார்க் இல்லை.
தமிழில் தொண்ணூற்றெட்டு வாங்கியது
யாருக்கும் தெரியாது இனி.
முகம் சுண்டி உட்கார்ந்திருந்தேன்.
பிறகுதான் உறைத்தது:
இயற்பியலில் முப்பத்தாறும் தெரியாது!
மூன்று மாதம் தலையணைக்கடியில் ஒளித்த முப்பத்தாறு,
அத்தை போனில் கேட்டபோது
“நெட்வொர்க் சரியில்லை” ஆன முப்பத்தாறு
இருபத்திரண்டுக்குள் எங்கோ
தொண்ணூற்றெட்டின் தோளில் கைபோட்டு நிற்கிறது.
யாரும் இப்படி
என்னை மன்னித்ததில்லை.

மீதி எட்டு.
பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் கட்டாயம்.
எழுதப் படிக்கத் தெரியும் என்பதற்கு ஒரு பரீட்சை.
அதுபோக நாற்பது மணி நேரம்
கூலியில்லாமல் ஊருக்கு உழைக்க வேண்டும்.
தம்பியை வளர்த்தது செல்லாதா என்றேன்.
வீட்டு வேலை கணக்கில் வராது என்று
கனிவாகத்தான் சொன்னார்.

சனிக்கிழமைகளில் நானும் செலாமும்
உணவு வங்கியில் டப்பா பிரிக்கிறோம்.
சூப் ஒரு பக்கம், மொச்சை ஒரு பக்கம்,
தேதி முடிந்தவை தனி.
மூன்றரை மணி நேரம் என்று எழுதிக்
கையெழுத்துப் போடுகிறார் மேற்பார்வையாளர்.
வாழ்க்கையில் முதல்முறையாக
நேரத்துக்கு ரசீது.

அன்றிரவு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே
அப்பா கேட்டார்:
“எவ்வளவு போட்டிருக்காங்க?”
“இருபத்திரண்டு.”
“எத்தனைக்கு?”
“முப்பதுக்கு.”
ஷூ லேஸ் கட்டியபடி
உதட்டை அசைத்து வகுத்தார்.
“எழுபத்து மூணு பர்சன்ட் வருது.
பரவாயில்லம்மா, ஃபர்ஸ்ட் கிளாஸ்தான்.”

கதவைத் திறந்ததும் பனி உள்ளே வந்தது.
அது அப்படியில்லை அப்பா என்று
நான் சொல்லவில்லை.