மறுமுனை

ஃபிளின்ட் நகரில், சலவைக்கடையாய் இருந்த என் பட்டறையில்
இன்னும் சோப்பு வாசனை போகவில்லை.
அதன் மேல் இப்போது ரெசின் நெடி.

ஓடெல் பிரிச்சர்ட் வந்தது மார்ச்சில்,
தெருவோரம் பனி கறுத்துக் கிடந்த ஒரு நாள்.
எழுபதாம் வருஷத்து செவெல்.
வெளியே நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை.
என் ஜன்னல் கண்ணாடி அதுபாட்டுக்கு நடுங்கியது.

பானெட் வேண்டும், கார்பன் ஃபைபரில், என்றார்.
வேகத்துக்கா என்றேன்.
எல்லோரும் அதற்குத்தான் கேட்பார்கள்:
நூறு பவுண்டு குறைந்தால்
கால் மைலில் பத்தில் ஒரு நொடி.
வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள்,
போகிற வழியில் ரெண்டு பர்கர் தின்பார்கள்.

இல்லை, என்றார்.
இரும்பு பானெட் எழுபது பவுண்டு.
நாலு முளையைக் கழற்றி முழுசாய்த் தூக்கி எடுக்கும் வகை.
ரெண்டு ஆள் வேண்டும்.
இருபத்தாறு வருஷம் மறுமுனையைப் பிடித்தவன் ஃபெரிஸ்,
என் தங்கை புருஷன்.
இப்போது பேச்சுவார்த்தை இல்லை.
ஒரு கார்புரேட்டர் விஷயம்.

ஒற்றை ஆள் தூக்குகிற மாதிரி வேண்டும்.
அவ்வளவுதான்.

குளிர்பெட்டியில் மான்கறிக்குப் பக்கத்தில்
சுருட்டி வைத்திருந்த கரித்துணியை எடுத்தேன்.
பாவும் கறுப்பு, ஊடும் கறுப்பு.
இரண்டின் மேலே, இரண்டின் கீழே,
அடுத்த வரிசை ஓர் இழை தள்ளி.
சாய்த்துப் பிடித்தால் பாம்புச் சட்டை,
நேரே பார்த்தால் வெறும் இருட்டு.
அச்சில் விரித்து, மூலைகளில் கத்தரித்து,
உள்ளங்கையால் நீவி நீவிப் படியவைத்து,
பையால் மூடிக் காற்றை உறிஞ்சினேன்.
நனைந்த சட்டை முதுகில் ஒட்டுவதுபோல் ஒட்டியது.
இந்த நேரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால்
வெந்த பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது.
அவர்கள் இருவருக்கும் அது எந்த மூலையில் விழுந்திருக்கும் என்று
அடுப்பு சூடேறும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

இருபது பவுண்டு, இருபதுக்கும் ஒரு பிடி குறைவு.
ஓட்டல் பையன் தட்டைத் தூக்குவதுபோல்
தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார் ஓடெல்.
பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்தார்.
பழைய வண்டி வாங்குகிறவர்கள்
பெயின்ட்டுக்கு அடியில் பூசிமெழுகியது எங்கே என்று
தடவிப் பார்க்கும் காந்தம்.
வழுக்கித் தரையில் விழுந்தது.
"எதுவும் ஒட்டாது, இல்லையா?"
ஒட்டாது, என்றேன்.
"நல்லது."
பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் கடைசியில் திரும்பி வந்தார்கள்.
ஆமாம், வந்தார்கள்.
பானெட்டின் முன்மூலை பிளந்து
இழைகள் பூனை மீசையாய் நீட்டிக்கொண்டிருந்தன.

பந்தயத் திடலில், முதல் ஓட்டத்துக்கு முன்னால்,
முளைகளைக் கழற்றி ஒற்றை ஆளாய்த் தூக்கியிருக்கிறார்.
எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை.
அதுவரை அதை யோசித்தது ஃபெரிஸ்.
அப்போது அடித்தது காற்று.
எழுபது பவுண்டு என்றால் காற்று ஒரு வார்த்தை கேட்டிருக்கும்.
இதைக் கேட்கவேயில்லை.
பிடுங்கி, டயர் அடுக்கைத் தாண்டி,
மூன்றாவது வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு
இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருவரின்
ஐஸ்பெட்டியில் போய் மோதியது.

ஃபெரிஸ் எழுந்து
பழக்கத்தில் தன் முனையைப் பிடித்தாராம்.
எழுபது பவுண்டுக்கு வேண்டிய பலத்தைப் போட்டதில்
பானெட்டோடு அவரும் பின்பக்கமாய் விழுந்தாராம்.
அதைச் சொல்லும்போது ஓடெலுக்கு மூச்சு முட்டியது.
சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு கையில் இடுக்கிக்கொண்டு வரக்கூடியதை
ஆளுக்கொரு முனையாய்ப் பிடித்து
என் வாசல் நிலைக்குள் கோணி, திருப்பி, நுழைத்தார்கள்.
"உன் பக்கம் இறக்கு."
"உன் பக்கம்தான் மேலே இருக்கு."

பில் யார் பெயரில், என்று கேட்டேன்.
ஓடெல் கூரையைப் பார்த்தார்.
ஐஸ்பெட்டியையும் சேர்த்து எழுதச் சொன்னார் ஃபெரிஸ்.